நாற்பத்தொன்று

முதல் தடவை, கரண்ட் போனதென்று நினைத்தேன்.
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
ஃபர்னஸ் உறுமிக்கொண்டுதான் இருந்தது.
திரை மட்டும் கறுத்து
பிறகு ஒன்றுமே நடவாததுபோலக்
கம்பனியின் பெயரைக் காட்டியது.

ஒலெக் என்கிற லொறிக்காரரின் வரிக்கணக்கு
மூன்றாம் பக்கத்தோடு போயிற்று.
அவருடைய டீசல் ரசீதுகள்
சப்பாத்துப் பெட்டிக்குள்
இன்னும் பிராண்டன் வரை கிடந்தன.

வின்னிப்பெக்கில் மார்ச். மைனஸ் இருபத்தாறு.
கதவுப்பிடியைத் தொட்டால்
சுள்ளென்று ஒரு பொறி கடிக்கும்.
ஆகவே முதலில் என் விரலைச் சந்தேகித்தேன்.
கம்பளிச் சொக்ஸைக் கழற்றிவிட்டு
பேஸ்மென்ட் சீமெந்தில் வெறுங்காலோடு இருந்தேன்.
இரண்டு நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் கால் விறைத்தது,
கம்பியூட்டரும் விழுந்தது.

அடுத்தது மெமரி.
இரண்டு பட்டைகள்.
இதைப் பிடுங்கி அதைப் போட்டு
அதைப் பிடுங்கி இதைப் போட்டு
இரவு முழுக்கச் சோதனை ஓடவிட்டு
விடிய எழும்பிப் பார்த்தால்,
பிழைகள்: பூச்சியம்.
பூச்சியத்தைக் கண்டு இவ்வளவு எரிச்சல்பட்ட கணக்காளர்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

றொமேல், மகன் ஹொக்கிப் பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து
அவனுடைய பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு வந்தான்.
‘எட்டு மணிக்குள் திரும்பப் பூட்டவேணும்,
இல்லாவிட்டால் நான் வீட்டில் இல்லை’ என்றான்.
ஏழு ஐம்பதுக்கு,
றொமேல் தேத்தண்ணியை வாயில் வைக்கும்போது
விழுந்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
ஒவ்வொரு தடவைக்கும் ஒரே வரி, ஒரே இலக்கம்.
நாற்பத்தொன்று:
சரியாக மூடப்படாமல் நின்றுவிட்டது.
அது எனக்குத் தெரியும்.
விழுந்ததை நிமிடம் பிசகாமல் எழுதி
தள்ளியது யாரென்று எழுதாத அறிக்கைகள்
எனக்குப் புதிதில்லை.

நூற்றெண்பத்தொன்பது டொலருக்கு
மதர்போர்ட் வாங்கினேன்.
அதைப் பூட்டிய இரவே விழுந்தது.
குகதாசன் சொன்னார்: ‘நீ பலமாத் தட்டுறாய்.’
பலமாகத் தட்டிக் காட்டினேன்.
விழவில்லை.

பிறகு ஒரு வெள்ளி, விடிய ஐந்தரை.
அவர் இரவு வேலை முடிந்து பின்கதவால் வந்து
படியில் சப்பாத்தை உதறினார், பனி கொட்ட.
தொம், தொம்.
கறுத்தது.

‘அங்கேயே நில்லுங்கோ’ என்றேன்.
‘திரும்ப ஒருக்கா வெளியில போய் வாங்கோ.’
ஏனென்று கேட்காமல் போனார், வந்தார், உதறினார்.
ஒன்றுமில்லை.
இன்னொருக்கா. ஒன்றுமில்லை.
‘விசரே உனக்கு’ என்றவர்
நாலாம் தரம் கோபத்தில் மிதித்தார்.
கறுத்தது!
இருவரும் கூவிய கூவலில்
மேல்வீட்டு ஹலினா தடியால் தரையைத் தட்ட,
மேலேறிக்கொண்டிருந்த திரை
அதற்கும் ஒருதரம் கறுத்தது.

பக்கத்தகட்டைக் கழற்றி டோர்ச் அடித்துத் தேடினேன்.
முன்பக்கம் ஒரு சின்ன ரீசெட் பொத்தான்.
வாங்கிய நாள் முதல் யாரும் தொட்டதில்லை.
அதிலிருந்து வரும் இரண்டு நூல் வயர்களைத்
தகட்டின் விளிம்பு கடித்துத் தோலுரித்திருந்தது.
எள்ளளவு செம்பும்
எள்ளளவு செம்பும்.
வீடு அதிரும்போதெல்லாம் அவை முட்டிக்கொண்டிருக்கின்றன.
ஹலினாவின் சலவை மெஷின் சுழன்றபோது,
குப்பை லொறி போனபோது.
இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை.
திரும்பத் தொடங்கு என்று யாரோ சொல்கிறார்கள் என்று நம்பி
அது திரும்பத் தொடங்கியிருக்கிறது,
அவ்வளவுதான்.

வயரைப் பிடுங்கிவிட்டேன்.
பதினொரு நாளாகிறது.
ஒலெக்குக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு டொலர் திரும்பி வரும்.
பழைய மதர்போர்ட் புதியதன் பெட்டிக்குள் கிடக்கிறது.
அதில் ஒரு குற்றமுமில்லை.

தேவையில்லை என்று சொல்லியும்
குகதாசன் இன்னும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
கள்ளனைப்போல் படியிறங்குகிறார்.
என் இடதுகையும்
ஒவ்வொரு வரி முடிவிலும்
சேமி, சேமி என்று அழுத்துகிறது,
இந்த வரியிலும்.