நத்தார் மா

அளம்பில் தவறணையில்
பொம்பிளை ஒருத்தி வரிசையில் நின்றால்
போத்தல்களும் கதை நிறுத்தும்.

"அப்பமாப் புளிக்க. அரைப் போத்தல் காணும்."
கணக்கெழுதுகிற சவிரியான் நிமிர்ந்தான்:
"செபமாலைக்கோ?"

மடுமாதாவுக்கு நேர்ந்து
ஆவணியோடு குடியை விட்ட மனுசன்.

மழைக்குள் கொண்டு வந்தேன்,
மூடியை இறுக்காமல்.
கள்ளும் மூச்சு விடவேண்டும்.

நடுச்சாமப் பூசை முடிந்து வர
மா சட்டியை மீறி எழும்பியிருந்தது.
அடுப்படியில் குந்தினார். மணந்தார்.
ஒன்றும் பேசவில்லை.

பதினொரு அப்பம்.
"வெந்தால் வெறி போயிடும்தானே?"
பன்னிரண்டாவதைப் பிய்த்தபடி கேட்டார்.

போத்தலில் நாலு விரல் மிச்சம்.
இருட்டோடு
கறிவேப்பிலைக்கு ஊற்றினேன்.

விடிய, அந்த மரத்தடியில் நின்று
பல் விளக்கினார்,
வெகுநேரம்.