மூன்று வெள்ளி பாக்கி

பாகாவில் என் டோபிக் கடையில்
பன்னிரண்டு மிஷின்.
பன்னிரண்டும் இதற்கு ஆகாது என்றேன்.
பக்கீர் ராவுத்தர் காதில் வாங்கவில்லை.
முசல்லாவை மேசைமேல் வைத்து
"துர்க்மேன் சாமான். மதீனாவில் வாங்கியது.
குழம்பு கொட்டிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்"
என்றார், போய்விட்டார்.

அஞ்சடியில் கம்பிமேல் போட்டு
நாலு தட்டு தட்டினேன்.
மணல்.
இந்த ஊரில் மண் என்றால்
செருப்பில் அப்பி, கத்தியால் சுரண்ட வேண்டியது.
இது மாவு மாதிரி, வெளுப்பாய்,
லாரி ஒன்று போனதும்
அதன் பின்னாலேயே போய்விட்டது.

திருப்பிப் போட்டேன்.
எந்த வேலையையும் பின்பக்கம் பார்த்துத்தான் நம்புவேன்.
விரற்கடை அகலத்தில் பத்து முடிச்சு.
ஒவ்வொன்றையும் ஒருத்தி இழுத்து, இறுக்கி, அறுத்திருக்கிறாள்.
வளைவின் இடது தோளில் மட்டும்
நீலம் வரவேண்டிய இடத்தில் சிவப்பு,
ஏழு முடிச்சு.
எட்டாவதில் சுதாரித்துவிட்டாள்.
பால் பொங்கியிருக்கும்.
இல்லை, எவனோ வாசலில் நின்று
விலையைக் குறைத்திருப்பான்.
பிரித்துக் கட்டவில்லை.
ஏழு முடிச்சுக்கு யார் கூலி தருவது?

பச்சைத் தண்ணீர், கொஞ்சம் காடி,
கையால்தான்.
மஞ்சள் போயிற்று, எண்ணெய் போயிற்று,
சிவப்பு ஒரு சொட்டு இறங்கவில்லை.

மதியம் ரொபியுல் வந்தான்,
செம்பனைத் தோட்டத்து வங்காளதேசப் பையன்,
சட்டை எடுக்க.
லுஹர் நேரம். பின்கட்டில்
உரச் சாக்கை விரித்தான்.
"காய்ந்துதான் கிடக்கிறது, இதில் தொழேன்" என்றேன்.
ஓரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.
"அடுத்தவர் சாமான், அக்கா."

அவன் சாக்கை மடிக்கும்போது கவனித்தேன்:
நெற்றி படும் இடத்தில் எழுத்து அழிந்திருந்தது,
முட்டி படும் இரண்டு இடத்திலும்.
முசல்லாவிலும் அதே மூன்று இடத்தில்
கம்பளி படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை ராவுத்தர் முகர்ந்து பார்த்தார்.
சந்தோஷத்தில் பேச்சு வந்தது அவருக்கு.
தறியைத் தரையில் போடுவார்களாம்.
நெய்த பாகத்தின்மேலேயே உட்கார்ந்து
நெய்துகொண்டே முன்னால் நகர்வார்களாம்,
பொம்பளைகள்தானாம் எல்லாம்.
அப்படியானால்
இதில் முதலில் உட்கார்ந்தது அவள்.
அந்தத் தடத்தைத் தேடினேன்,
அவர் பேசி முடிப்பதற்குள். இல்லை.

பதினெட்டு வெள்ளி என்றேன்.
பதினைந்தை வைத்தார்.
"ஒரு சின்னத் துணிக்கா இவ்வளவு, தவமணி?"

சிட்டையில் எழுதினேன்:
ராவுத்தர், மூன்று வெள்ளி பாக்கி.
அடுத்த வரியில்: ஏழு முடிச்சு.
பெயர் எழுதும் கட்டம்
காலியாகவே கிடக்கிறது.