இதர

மிச்சமிருப்பது பதிவேடு ஒன்றுதான்.
நேரம், பேசியவர், பொருள்.
சிவப்பு மையில் கோடு போட்டவன் நான்.
ஒலியை மூன்று மாதம் வைத்திருக்கச் சொன்னது விதி.
நான்காம் மாதம் பழைய பேச்சின்மேல்
புதுப் பேச்சை ஏற்றிவிடுவோம்.
ஹார்ட் டிஸ்க் ஒன்றுதானே இருந்தது.

சென்னிமலைக்குக் கிழக்கே
பொங்கியண்ணன் தறிக்குடோன் மாடி.
சுவரெல்லாம் நாமக்கல் முட்டை அட்டை ஒட்டினோம்.
அட்டைக்கு அடங்கவில்லை தறி.
கீழே இருபத்துநாலு தறி சடக்கு சடக்கென்று ஓட
மேலே கத்திக் கத்தி மஞ்சள் விலை சொன்னோம்.
கரண்ட் போனால்தான் உங்கள் குரல் சுத்தமாகக் கேட்கிறது என்று
வெள்ளோட்டிலிருந்து ஒருவர் கார்டு போட்டார்.
பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.
இன்வெர்ட்டரில் நாங்கள், பேட்டரியில் அவர்.

கீழே தார் போட்டுக்கொண்டிருந்த துளசிமணி
மாடியேறி வந்து மாலை ஆறுமணி நேரத்தை எடுத்துக்கொண்டார்.
யார் கூப்பிட்டாலும் முதல் வார்த்தை அவருக்கு ஒன்றுதான்:
“ரேடியோவைக் கொஞ்சம் கொறச்சு வைங்க,
நாம பேசறது நமக்கே திரும்பி வருது.”

உரிமத்தில் ஒரு வரி இருந்தது.
செய்தி சொல்லக் கூடாது.

சொல்லவில்லை.

“ஏனுங்க, வாய்க்கால்ல தண்ணி தொறந்தா
நெல்லு வெதை எத்தனை நேரம் ஊறோணும்?”
“எப்பத் தொறந்தாங்க?”
“இன்னைக்குக் காத்தால தொறந்தாங்க.”
“அப்ப இன்னைக்கு ராத்திரியே ஊறப் போட்டுருங்க.”
பொருள்: வேளாண் ஆலோசனை.

ஒரு ஐப்பசியில் மயிலாத்தாள் கூப்பிட்டார்.
ஓடையில் அலசிய வெள்ளை வேட்டி
ஊதாவாகிவிட்டது, என்ன சோப்புப் போடலாம்?
அடுத்த அழைப்பு, போர்வை.
அடுத்தது, பள்ளிக்கூடச் சட்டை.
அடுத்தது, துணி இல்லைங்க, எருமைங்க, முழங்கால் வரைக்கும்.
இருபத்திரண்டு பேர்.
துளசிமணி ஒருவரிடமும் ஏன் என்று கேட்கவில்லை,
எந்த இடத்தில் அலசினீங்க என்று மட்டும் கேட்டார்.
எலுமிச்சை, வாஷிங் சோடா, வெயில்
என்று ஒருமணி நேரம் கறையைப் பற்றியே பேசினார்.
கேட்டவர்களுக்கு எந்தச் சாயப்பட்டறைக் குழாய் என்று தெரிந்துபோனது.
பத்தாம் நாள் ஜீப்பில் ஒருவர் வந்து
செய்தி வாசித்தது யார் என்றார்.
பதிவேட்டை நீட்டினேன்.
பொருள்: வீட்டுக் குறிப்பு, கறை நீக்குதல்.
டீ குடித்துவிட்டுப் போனார்.
குழாய் ராத்திரிக்கு மாறியது. அதுவும் உண்டு.

இன்னொரு நாள் கீழ்த்தறியிலிருந்து தஷரத் சாஹு வந்து
பேசலாமா என்று சைகையில் கேட்டான்.
ஏழு நிமிடம் ஒடியாவில் பேசினான்.
எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை.
கடைசியில் சிரித்தான், அல்லது மூக்கை உறிஞ்சினான்.
மறுநாள் அதே நேரத்துக்கு
நான்கு பேர் செருப்பைக் கழற்றி வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.
அது செய்தியாகவே இருந்திருக்கலாம்.
இதர என்று எழுதினேன்.
அதற்கப்புறம் பல பக்கங்களில் இதர.

பொங்கியண்ணன் தறிகளை எடைக்குப் போட்ட வாரம்
கீழே சத்தம் நின்றது.
கரண்ட் இருக்கும்போதே சுத்தமாகக் கேட்டோம்.
துளசிமணிக்குத்தான் குரலைத் தாழ்த்த வரவில்லை.
ஐந்து வாரம். இடம் வாங்கியவர் அதற்குமேல் பொறுக்கவில்லை.

கடைசி நாள், எட்டு ஐம்பத்தேழு.
எடுத்தால் பேச்சில்லை.
அந்தப் பக்கம் ஒரு வீடு, விசில் அடித்த குக்கர்,
அதற்குப் பின்னால் ஒரு ரேடியோ, அதில் நாங்கள்.
“சொல்லுங்க” என்றார் துளசிமணி.
சொல்லுங்க, என்றது அந்த வீடு.
குறைத்து வைக்கச் சொல்வார் என்று பார்த்தேன்.
சொல்லவில்லை.
மூன்று நிமிடம் ஓடவிட்டார்.

பேசியவர் என்ற இடத்தில்
பேனாவை வைத்து எடுத்த புள்ளி இருக்கிறது.