திருப்பாதீர்கள்

வண்ணார்பேட்டை மாடிவீட்டுக்குச் சாவி வாங்கிய அன்று
சன்னல் கம்பியில் ஒரு கொடி சுற்றிக் கிடந்தது.
தடித்த இலை, மெழுகு பூசியது போல.
தொட்டியில் ஒட்டிய பிளாஸ்திரியில்
நீல மை:
'மண் காய்ந்தபின் தண்ணீர்.
தொட்டியைத் திருப்பாதீர்கள்.'

'டெய்சி தங்கக்கனி டீச்சர் வச்சது.
ஓசூருக்கு மாத்தலாகிப் போயிட்டாவ.
வேண்டாம்னா பிச்சுப் போட்டுருங்க'
என்றார் வீட்டுக்காரர்.

பிய்க்கவில்லை. பெரிய அக்கறையும் இல்லை.
தச்சநல்லூர் துணைமின் நிலையத்தில் எனக்கு இரவுப்பணி.
பகலெல்லாம் நான் உறங்க
அது வெயில் தின்றது.
கத்திரியில் மட்டும் கண்ணாடிக்குச் செய்தித்தாள் ஒட்டினேன்.
மாவுப்பூச்சி வந்த மாசியில்
வேப்பெண்ணெய் தொட்டு
இலையிலையாய்த் துடைத்தேன்.
ஒன்று ஒடிந்து விரலில் பால் வடிந்தது.
'மன்னிச்சிரு' என்றேன்.
நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷம்
இலையே இல்லாத தண்டொன்று
நீண்டு நீண்டு மின்விசிறிக்குப் போனது.
நிறுத்தினேன்.
திருநெல்வேலியில், மே மாதத்தில்,
விசிறியை நிறுத்தினேன்.
'கிறுக்கால ஒனக்கு?' என்றான்
கூட வேலை பார்க்கும் வானமாமலை.

மறுவருஷம் தென்காசிச் சாரல்
காற்றாக மட்டும் இங்கே வந்த ஆனியில்
கணுவில் ஒரு குட்டைக் காம்பு,
அதன் நுனியில் கடுகுகடுகாய் மொட்டு.
எல்லாம் வெளிச்சம் பார்த்தே நின்றன.
திருப்பினால் உதிர்ந்துவிடுமாம்.
டீச்சர் அதைச் சொல்லியிருக்கலாம்,
பிளாஸ்திரியில் இடமில்லை போல.

பூத்தது, நான் வேலைக்குப் போன ராத்திரி.
காலையில் வந்தால் தரையில் பிசுபிசுப்பு,
எறும்புச் சாரி.
வெளிர்சிவப்பு நட்சத்திரங்கள் ஒரு குடை நிறைய,
மணம் மட்டும் இல்லை.
கீழ்வீட்டு சித்தி ஜுனைதா படியில் மறித்தாள்:
'ராத்திரி சாக்லேட்டா காச்சுதிய அண்ணாச்சி?
பிள்ளைய உறங்கவேயில்ல.'

நாலு வருஷம் நான் ஊற்றிய தண்ணீர்
கீழ்வீட்டில் மணந்திருக்கிறது.

வானமாமலையைக் கெஞ்சி
ஒருநாள் பணி மாற்றினேன்.
எட்டு மணி. ஒன்றுமில்லை.
ஒன்பதுக்குப் புரோட்டா தின்றேன்,
வீடெங்கும் சால்னா வாசம்.
பத்தரைக்குக் கரண்ட் போனது.
அவன் என்னத்தைத் தொட்டானோ.
திட்ட வாய் திறந்தேன்,

மூக்கு முந்திக்கொண்டது.

பூ உதிர்ந்து பத்து நாளாகிறது.
'மொட்டைக் குச்சி, வெட்டிரலாமே'
என்கிறார் வாடகைக்கு வந்தவர்.
அதே காம்பில்தான் அடுத்த பூவும்.
இருக்கட்டும் என்றேன்.

டீச்சர் பேருக்கு இன்னும்
எல்.ஐ.சி. கடிதம் வருகிறது.
தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறேன்.
அதையும் நான்
திருப்பவில்லை.