சோற்று டூட்டி

டைம் கீப்பர் வேலை, இருபத்திரண்டு வருஷம்.
எந்த வண்டிக்கு யார், எந்த டிரிப்புக்கு யாரென்று
கோடு போட்டே விரல் தேய்ந்தவன்.
ஐகோர்ட்துரையின் வீட்டுக்காரி பிரம்மசக்தியை
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றிரவே
பழைய டிரிப் ஷீட்டின் முதுகில்
கோடு கிழித்துவிட்டேன்.

திங்கள் செல்வின் ஞானராஜ், செவ்வாய் காஜா மைதீன்,
புதன் சுடலைகண்ணு, வியாழன் நான்,
வெள்ளிக்கு மெக்கானிக் கோமதிசங்கர்,
சனி ஞாயிறு வீரவநல்லூர்க்காரர்கள்
தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.
டெப்போ போர்டில் ஒட்டினேன். யாரும் மறுக்கவில்லை.
"அண்ணாச்சி போட்டா சரியாத்தான் இருக்கும்."

சோறும் பஸ்ஸில்தான் போனது.
வண்ணாரப்பேட்டையில் ஏற்றுவோம்.
என்ஜின் பானட்டின்மேல் சாக்கை மடித்து
அதன்மேல் சம்படம்.
வளைவில் ரசம் தளும்பினால்
டிரைவர் ஒரு கை நீட்டி மூடியை அமுக்குவார்.
முருகன்குறிச்சி நெரிசலில் நின்றால்
சூடு இன்னும் கொஞ்சம் ஏறும்.
ஹைகிரவுண்டு நிறுத்தத்தில் ஐகோர்ட்துரை
படியில் கால் வைக்காமல் கை நீட்டி வாங்கிக்கொள்வான்.

பத்து நாள். ஒரு டிரிப்பும் கட் ஆகவில்லை.
எனக்குள் கொஞ்சம் கர்வம், சொன்னால் என்ன.

பதினோராம் நாள், வியாழன்.
நாலரைக்கு எழுந்து பல் தேய்த்து வந்தால்
அடுப்பு அணைந்தே கிடக்கிறது.
உலகம்மாள் கட்டிலில் உட்கார்ந்து
முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள்.

"இந்தப் பேப்பர்ல எம் பேரு எங்க இருக்கு?"

என் போனில் நான் எடுத்த படம்தான்.
விரலால் பெரிதாக்கிக் காட்டுகிறாள்.
"போன வியாழக்கிழம இடிசாம்பார் வச்சது நீங்களா?
காஜா அண்ணனா உக்காந்து மீன் அலசுனாரு?
டூட்டி போட்டியளே, ஆளுகிட்ட கேட்டியளா?
பிரம்மசக்திக்குன்னா பத்து மாசமும் செய்வேன்.
உங்க பேருக்குச் செய்ய மாட்டேன்."

பிரேக் டவுன் என்று எழுதுவேன்,
ரயில்வே கேட் என்று எழுதுவேன்.
லேட்டுக்கு ஆயிரம் காரணம் தெரிந்தவனுக்கு
அன்று ஒன்றும் வாயில் வரவில்லை.

நானே வைத்தேன்.
புளி எவ்வளவு என்றேன். தங்கச்சியிடம்
போனில் பேசிக்கொண்டே
உள்ளங்கையை விரித்து, பாதி மடக்கினாள்.
அது எவ்வளவு என்று விளங்குவதற்குள்
கடுகு கருகிவிட்டது. சோறு அடிப்பிடித்தது.
ஆறேகால் வண்டியை ஓடிப் பிடித்து ஏற்றினேன்.
பாதி வழியில் டிரைவர்
கிளட்ச் பிளேட் போயிற்றோ என்று
இறங்கிக் குனிந்து பார்த்தாராம்.

மத்தியானம் பிரம்மசக்தியே கூப்பிட்டாள்,
விட்டுவிட்டு வரும் மூச்சில்.
"அண்ணே, தையல் இருக்கு, சிரிக்கக் கூடாதுன்னு
டாக்டர் சொல்லியிருக்காரு.
இன்னைக்கு யாரு டூட்டி?"

சாயங்காலம் புதுத்தாள் எடுத்து உட்கார்ந்தேன்.
செல்வின் மனைவியின் பெயர் எனக்குத் தெரியாது.
காஜா வீட்டில் பதினோரு வருஷம்
பெருநாள் சோறு தின்றிருக்கிறேன்,
அங்கேயும் கேட்டதில்லை.
கோமதிசங்கருக்குக் கல்யாணமே ஆகவில்லை.
வெள்ளிக்கிழமைக் கூட்டாஞ்சோறு
அவன் அக்கா பீடிக்கட்டு எண்ணி முடித்து
ராத்திரியே காய் நறுக்கி வைத்துக்கொண்டது.

வீடுவீடாகப் போன் போட்டேன்.
"முடியுமா" என்கிற சொல்
கட்டிய பல் மாதிரி நாக்கில் இடறியது.
சுடலைகண்ணு வீட்டில் முடியாது என்றார்கள்.
பிள்ளைக்குப் பரீட்சை. அதையும் எழுதிக்கொண்டேன்.
மேலப்பாளையத்திலிருந்து செய்யதலி பாத்து சொன்னாள்:
"அடுத்த வாரம் நோம்பு தொடங்குது அண்ணே.
உப்புப் பாக்க முடியாது.
கூடக்கொறைய இருந்தா பொறுத்துக்கிடச் சொல்லுங்க."

புதுத்தாளில்
செவ்வாய் செய்யதலி பாத்து.
வெள்ளி செண்பகவல்லி.
புதன் உலகம்மாள், அவளே கேட்டு வாங்கியது.
வியாழன் நான்.
மாற்று ஆள் கிடையாது.