தூவி

டூங்காபி. ஜூலை. இரவு பத்தேகால்.
கராஜ் கதவின் கீழால் நுழைந்த குளிர்
கணுக்காலில் பூனைபோல உரசுகிறது.
மஸ்டா வாயைத் திறந்து கிடக்கிறது.
அதன் மனிஃபோல்டைக் கழற்றிப்
பழைய துவாயில் படுக்க வைத்திருக்கிறேன்.

இந்த எஞ்சினுக்குப் பிஸ்டன் இல்லை.
பக்கங்கள் கொஞ்சம் உப்பிய முக்கோணம் ஒன்று
தன்னையும் சுற்றிக்கொண்டு
வேறெதையோவும் சுற்றுகிறது.
என்னைப் பற்றியும் அம்மா
ஏறக்குறைய இதைத்தான் சொல்லுவா.

பெற்றோல் பீய்ச்ச நாலு ஊசிகள்.
பழையவற்றிலும் ஒன்றரை மடங்கு குடிப்பவை,
புதுசாய் வாங்கியாயிற்று.
பிரச்சினை அவை உட்காரும் குழிகளில்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி,
கடலைப் பருப்பளவு,
சுற்றிவரப் பொட்டுத் துளைகள்.
டிஃப்யூசர் என்கிறார்கள்.
எனக்கு அது தூவி.
இறகுக்கும் அதுதானே பெயர்.
தாரையாய் வருவதை உடைத்துப்
பனியாக்கி உள்ளே அனுப்பும் உத்தியோகம்.

'கழற்றி எறி' என்கிறான் மெரிலாண்ட்ஸ் ஃபாதி.
'புது ஊசி தானே தூவும்.
நடுவில இவன் ஆர், புரோக்கரா?'
மூன்று எஞ்சின் எரித்தவன்.

'தொடாதே' என்கிறான் தவீட்டா.
'சிவப்பு விளக்கில நிற்கேக்க தெரியும்.
காசநோய்க்காரன் மாதிரி இருமும்.'
ஒரு எஞ்சினும் எரிக்காதவன்.
எண்பதைத் தாண்டியும் ஓட்டாதவன்.

சாமணத்தைக் கையில் வைத்தபடி
வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியை நினைக்கிறேன்.
மொழிபெயர்ப்பது என் வேலை.
பின்னேரம் டொக்டர் சொன்னது ஒரே வசனம்,
ஏழு சொல், முற்றுப்புள்ளி.
நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது
அதில் ஒரு 'ஐயா' இருந்தது,
ஒரு 'கொஞ்சம்' இருந்தது,
'பாருங்கோ' என்று ஒரு இழுவை.
எங்கள் விதிப்புத்தகத்தில் இதெல்லாம் குற்றம்:
கூட்டாதே, குறைக்காதே, மெதுமையாக்காதே.
கட்டிலில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
'பிள்ளை, அந்த மனுசன்
இவ்வளவு மரியாதையாவோ சொன்னவர்?'

முதல் தூவி முழுசாய் வந்தது.
இரண்டாவது, சாமணம் பட்டதும்
அப்பளம்.
முப்பத்தைந்து வருடச் சூடு.
துண்டுகளைத் துவாயில் பொருத்திப் பார்த்தேன்.
ஒரு துண்டு இல்லை.

பிளாஸ்டிக். காந்தம் கூப்பிட்டாலும் வராது.
உள்ளே போயிருந்தால், எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றினாலே
முக்கோணத்தின் முனைச் சீலைக் கீறிவிடும்.
நாலாயிரம் டொலர், நகத்துணுக்கு அளவில்.
இனிக் கழற்றுவதா விடுவதா என்று
என்னை யாரும் கேட்கப்போவதில்லை.

வாக்குவம் குழாயில்
தோட்டக் குழாய்த் துண்டொன்றைச் சேர்த்து ஒட்டி,
இடையில் ஸ்டாக்கிங் ஒன்றை வலையாய்க் கட்டி,
துளைக்குள் விட்டேன்.
பக்கத்து வீட்டு நாய் எழும்பியது.
பிறகு பக்கத்து வீடு எழும்பியது.
ஒன்று இருபதுக்கு
டிக்
என்று ஒரு சத்தம்.
அவ்வளவுதான். நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

மிச்சம் இரண்டையும் எடுத்தேன். மூச்சு விடாமல்.

சனிக்கிழமை, ஓல்ட் வின்சர் ரோட்.
சிவப்பில் கார் இருமியது,
ஸ்டியரிங் என் பல்வரைக்கும் நடுங்கியது:
தவீட்டா சரி.
பச்சை விழுந்தது.
முதுகை யாரோ பிடித்துத் தள்ளினார்கள்:
ஃபாதியும் சரி.
அடுத்த சிவப்பு இருநூறு மீற்றரில் இருந்தது.

திங்கள். மூன்றாம் மாடி. வேறு கட்டில்.
டொக்டர் சொல்லி முடித்துவிட்டு
என்னைப் பார்க்கிறார்.
கட்டிலில் இருப்பவவும் என்னையே.
கோட்டுப் பையில் அந்த முழுத் தூவி.
அதன் துளைகளைப் பெருவிரல் எண்ணுகிறது.
'அம்மா'
என்று தொடங்க வந்த வாய்
தொடங்காமல்
நடுங்கிக்கொண்டு நிற்கிறது, சிவப்பில்.