இரண்டாவது கொக்கி

ஊசி சிவப்பைத் தொட்டபோது
பாலாற்றுப் பாலத்துக்கு இன்னும் முந்நூறடி.
ஏசியை அணைத்தேன். இடது பக்கம் ஒதுக்கினேன்,
வெல்டிங் கடை நிழலில்.
ஹேண்ட் பிரேக். சாவியை உருவிக்
கையிலேயே வைத்துக்கொண்டேன்.
நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு
கண் சிமிட்ட ஆரம்பித்தது
யாரிடம் என்று தெரியாமல்.

சித்திரை. மணி இரண்டேகால்.
வேலூரில் இந்த நேரத்துக்குக்
காகங்கூட நடந்துதான் போகும்.

பின் சீட்டில் நிமாய் பாபு, மேதினிபூர்க்காரர்.
நாற்பது இருக்கும். பக்கத்தில் ஷெஃபாலி.
விருதம்பட்டில் மாத வாடகைக்கு ஓர் அறை,
வாரம் மூன்று நாள், மூன்று மணிக்கு மிஷின்,
ஏழு மாதமாக என் வண்டி.
எனக்கு வங்காளம் இருபது சொல்.
அவர்களுக்குத் தமிழில் எண்கள் மட்டும்.

வலது முழங்காலுக்குப் பக்கத்தில்
வாய் பிளந்த கார் வரைந்த கறுப்புப் பிடி.
இழுத்தால் முன்னால் டக்.
அவ்வளவுதான் திறக்கும், ஒரு விரல்கடை.
அது திறந்ததாகக் கணக்கில்லை.
உள்ளே இன்னொரு கொக்கி உண்டு.
ஓடும்போது முதல் பூட்டு கைவிட்டால்
பானட் எழும்பிக் கண்ணாடியில் அறையாமல்
பிடித்துக்கொள்ள வைத்தது.
எல்லா வண்டியிலும் உண்டு.
எல்லா வீட்டிலும் என்று சொல்லமாட்டேன்.

விளிம்பில் ஆவி ஒழுகிக்கொண்டிருந்தது.
மெலியும்வரை தொடவில்லை.
துப்பட்டாவை இடுப்பில் செருகினேன்.
சாவி கையில் இருந்தாலும்
ரேடியேட்டர் ஃபேன் நினைத்துக்கொண்டு சுற்றும்.
போன வருஷம் பள்ளிகொண்டா டோலில்
ஒரு பையனின் அடையாள அட்டைக் கயிறு போனது.
கழுத்து தப்பியது.

தடித்த துணியோடு விரல்களை
இடுக்கில் நுழைத்து, மல்லாத்தி, தடவி...
இந்த வண்டிக்கு நடுவில் இல்லை,
கொஞ்சம் இடம் தள்ளி.
குனிந்து தேடினால் கிடைக்காது,
விரலுக்குத்தான் தெரியும்.
தள்ளினேன். தூக்கினேன்.
கம்பியைக் கழற்றி நிமிர்த்தி
அம்புக்குறி போட்ட ஓட்டையில் நிறுத்தி
ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். நின்றது.

நிமாய் பாபு எப்போது இறங்கினார், தெரியாது.
கம்பியை நம்பாமல் வலது கையால் பானட்டைத் தாங்கி
இடது கையை நீட்டினார்,
நேராக ரேடியேட்டர் மூடிக்கு.

எட்டிப் பிடித்தேன். அழுத்தி.
பிடித்த பிறகுதான் உறைத்தது,
யாரும் அழுத்தக் கூடாத கை அது.
இரண்டு ரத்தக் குழாயை இணைத்துத் தைத்து
ஊசிக்காகவே வளர்த்த கை,
அதில் பிரஷர்கூடப் பார்ப்பதில்லை.
என் உள்ளங்கைக்குள் விர்ரென்று ஒரு நடுக்கம்.
எஞ்சின் நின்றிருந்தது.
அவர் மணிக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது.

விட்டேன். ஷெஃபாலி கத்தவில்லை.
வந்து அந்தக் கையில் காதை வைத்துக் கேட்டாள்,
பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவர் சிரித்தார். தொடப்போகவில்லையாம்.
மூடிக்கு ஒரு சாண் மேலே
உள்ளங்கையைக் குடையாக நிறுத்திக் காட்டினார்.
அரிசி மில்லில் பாய்லர் பார்த்தவர்.
‘தீதி,’ என்றார், ‘முப்பது.’
நான் இருபது நிமிஷம் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
வெல்டிங் கடையில் ஒரு ஸ்டூல் தந்தார்கள்.
அவர் மடியில் அரை லிட்டர் பாட்டில்,
மார்க்கர் கோடு மூன்று: காலை, மதியம், இரவு.
மதியக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தது தண்ணீர்.

முப்பதாவது நிமிஷம்
மறுபடி கையைக் குடைபிடித்து, ‘ம்’ என்றார்.
துணி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு,
கால் சுற்று. உஸ்.
அது ஓய்ந்ததும் மிச்சம்.
டிக்கியிலிருந்த கேனைச் சாய்த்தேன்.
வண்டி குடித்தது,
மடக் மடக்கென்று, கோடில்லாமல்,
இரண்டு லிட்டர், இன்னும் கொஞ்சம்.
அவர் தொண்டை கூடவே ஏறி இறங்கியது.
ஷெஃபாலி ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அங்கே மணலும் சீமைக் கருவேலமும்.
நான் முதுகால் கேனை மறைத்தபடி ஊற்றினேன்.
சத்தத்தை எதைக்கொண்டு மறைப்பது?

கம்பியை மடக்கி, பானட்டை ஒரு சாண்வரை இறக்கி
விட்டுவிட வேண்டும். அழுத்தினால் தகரம் நெளியும்.
டக், டக். இரண்டு கேட்க வேண்டும்.
லாரி ஹாரனில் எனக்கு ஒன்றுதான் கேட்டது.
அவர் வலது கையால் விளிம்பைத் தூக்கிப் பார்த்தார்.
வரவில்லை.

‘பத்து,’ என்றார்.
பத்துக்கா, நூற்றுக்கா என்று
நான் கேட்கவில்லை.